10னு எழுதினா அது பத்துதான்னு யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தார். பிள்ளைங்க பாடத்துல பைனரி (ரெண்டு ரெண்டா கட்டி எழுதறது), ஹெக்ஸ் (பதினாறு பதினாறா கட்டி எழுதறது)னு வர்றதெல்லாம் வீண் சுமை, மனுஷனுக்குப் பத்து விரல், அதனால பத்துதான் இயற்கையான கணக்கு, மத்ததெல்லாம் கம்ப்யூட்டர் வந்தப்புறம் முளைச்சது, நம்ம பாட்டன் பூட்டனுக்கு அதெல்லாம் தெரியாதுன்னு. படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. நான் பர்மாவுல யாங்கோன்ல இருக்கேன், ஒரு கோவில்ல ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கறேன், முதல் ஒரு மணி நேரம் அ ஆ இ ஈ, அடுத்த ஒரு மணி நேரம் கணக்கு. அந்த ஐயா சொன்னது தப்புங்கறத எங்க வகுப்புல நடந்த விஷயத்தை வச்சே சொல்றேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கங்க.

எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு. அவங்க அம்மா பழைய நகையை மாத்தி புதுசா ஒண்ணு எடுக்கலாம்னு, முன்ன முகல் தெருன்னு சொல்வோமே, செட்டியார் கிட்டங்கி எல்லாம் இருந்த தெரு, இப்ப ஷ்வே பொன் தா தெரு, அங்க ஒரு கடைக்குப் போயிருக்காங்க, துணைக்கு இந்தப் பொண்ணு. ஒரு சங்கிலி 3 பே 6 யுவே (ரெண்டும் இங்கத்து தங்க எடை, கீழே சொல்றேன்), ஒரு வளையல் 2 பே 5 யுவே. பொண்ணு உடனே போனை எடுத்து 3.6 கூட்டல் 2.5னு தட்டியிருக்கு, 6.1னு வந்திருக்கு, அம்மாகிட்ட 6 பே 1 யுவேன்னு சொல்லிருச்சு. கடைக்காரர் நல்ல மனுஷர், "இல்லம்மா, 6 பே 3 யுவே"ன்னு திருத்திட்டார். பொண்ணுக்கு ஒரே குழப்பம், போன் தப்பா கணக்குப் போடுமா சயாமான்னு (சயாமான்னா இங்க டீச்சரம்மா) அடுத்த ஞாயிறு என்கிட்ட வந்து நின்னுது.

இந்தியாவுல இருக்கற வாசகர்களுக்காக ஒரு வரி: பர்மாவுல தங்கத்தை கிராம்லயோ பவுன்லயோ பேசறதில்ல. ஒரு ச்சாத்தான்னா சுமார் 16.33 கிராம், நம்ம ரெண்டு பவுனுக்கு கொஞ்சம் கூட. ஒரு ச்சாத்தாவுக்கு 16 பே, ஒரு பேக்கு 8 யுவே. யுவேங்கறது ஒரு விதைதான், நம்ம குன்றிமணி மஞ்சாடி மாதிரி. நூறு ச்சாத்தா சேர்ந்தா ஒரு பெய்தா, அதைத்தான் இங்கிலீஷ்காரன் விஸ்னு எழுதினான், அது நம்ம வீசைங்கற வார்த்தைதான். கறி மீன் வெங்காயம் எல்லாம் இன்னிக்கும் அந்தக் கணக்குலதான் வாங்கறோம்.

இப்ப அந்தப் பொண்ணோட கணக்கைப் பாருங்க. 6 யுவேயும் 5 யுவேயும் 11 யுவே. அதுல 8 யுவே சேர்ந்து ஒரு பே ஆயிடும், மிச்சம் 3. போன் என்ன பண்ணுச்சுன்னா பத்து சேர்ந்தாத்தான் ஒரு கட்டுன்னு நினைச்சு பத்தை எடுத்துட்டு மிச்சம் 1னு சொல்லுச்சு. போன் மேல தப்பில்ல, அதுக்கு எட்டுல கட்டுன்னு யாரும் சொல்லல. ஒவ்வொரு தடவை யுவேலேர்ந்து பேக்கு ஏறும்போதும் இப்படிப் போட்டா சரியா 2 யுவே காணாம போகும், கால் கிராம் தங்கம், சின்ன விஷயமா?

அன்னிக்கு வகுப்புல வேற எதுவும் எடுக்கல, இதையேதான் பேசினோம். இலக்கம்னா என்ன, அது எப்படி வேலை செய்யுதுங்கறதோட மொத்த விஷயமும் இந்தச் சங்கிலி வளையல் கணக்குலயே இருக்கு. 25னு எழுதினா நாம "இருபத்தஞ்சு"ன்னு படிக்கறோம், ஆனா அந்தப் பேப்பர்ல இருக்கறது என்னமோ "ரெண்டு கட்டு, அஞ்சு உதிரி", அவ்வளவுதான். கட்டுல எத்தனைங்கறது பேப்பர்ல எங்கயுமே எழுதலையே! பத்துன்னு நாம மனசுல வச்சுக்கறோம். எட்டுல கட்டினா அதே 25 இருபத்தொண்ணு. பதினாறுல கட்டினா முப்பத்தேழு. அந்தக் கட்டோட அளவைத்தான் பாடப்புத்தகத்துல அடிமானம்னு போடறாங்க, பிள்ளைங்க பேஸ்னு சொல்லும். அடுத்த இடம் கட்டுகளோட கட்டு, பத்துல பத்து நூறு, எட்டுல எட்டு அறுபத்து நாலு, பதினாறுல பதினாறு இருநூத்தி அம்பத்தாறு.

10ங்கறது எப்பவும் "ஒரு கட்டு, உதிரி இல்ல". பத்துல கட்டினா பத்து, எட்டுல கட்டினா எட்டு. இதை வாயால சொன்னா பிள்ளைங்களுக்கு ஏறல. அதனால ஒரு நாள் ஷ்வேடகோனுக்கு கூட்டிட்டுப் போனேன். அங்க பெரிய பகோடாவைச் சுத்தி எட்டு மூலை, கிழமைக்கு ஒண்ணு, புதன்கிழமை காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு ரெண்டா பிரியும், அதனால ஏழு நாளைக்கு எட்டு மூலை. அவங்கவங்க பிறந்த கிழமை மூலையில தண்ணி ஊத்திட்டு, ஒரு மூலையில நின்னு இதான் பூஜ்யம்னு வச்சுக்கிட்டு நடக்க ஆரம்பிச்சோம். ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழாவது மூலை தாண்டினா எட்டாவதுன்னு ஒரு மூலையே கிடையாது, கிளம்பின இடத்துக்கே வந்துட்டோம், ஆனா ஒரு சுத்து கூடியிருக்கு. "ஒரு சுத்து, மிச்ச மூலை இல்ல, எப்படி எழுதுவீங்க?"ன்னு கேட்டேன். ஒரு சின்னப் பையன் கையில எழுதிக் காட்டினான், 10. இன்னும் மூணு மூலை நடந்தா 13, அதுதான் அந்த 11 யுவே. எட்டு பேஸ்ல 8ங்கற இலக்கம் ஏன் கிடையாதுன்னு அதுக்கப்புறம் நான் சொல்ல வேண்டியே வரல.

பத்து விரல்தான் இயற்கைன்னு ஐயா எழுதியிருந்தாரே, அதுக்கு வர்றேன். எங்க பாட்டி தெய்ஞ்சி பஜார்ல வெத்தலை பாக்கு வச்சு வித்தவங்க, விரலை எண்ண மாட்டாங்க, விரல் கணுவை எண்ணுவாங்க. கட்டை விரலால மத்த நாலு விரலையும் தொட்டுத் தொட்டு, ஒரு விரலுக்கு மூணு ரேகை, நுனியைச் சேர்த்தா நாலு, ஆக ஒரு கையில 16. நுனியை விட்டுட்டு எண்றவங்களுக்கு 12. அதே கைதானே? பாட்டிக்கு 16 ஏன் சௌகரியம்னா அவங்க சின்ன வயசுல ரூபாய்க்கு 16 அணா. பர்மாவுல 1952 ஜூலை 1ஆம் தேதிதான் ரூபாய் போயி சாட் வந்து, ஒரு சாட்டுக்கு 100 ப்யான்னு ஆச்சு. அணாவுக்கு பர்மியப் பேரும் "பே"தான், தங்கத்துல பதினாறுல ஒண்ணுக்குச் சொல்ற அதே பே. காசுல அந்தப் பதினாறு செத்துப் போச்சு, தங்கத்துல மட்டும் இன்னும் உசுரோட இருக்கு.

நம்ம தமிழ்லயும் பாருங்க. அரை, கால், அரைக்கால், வீசம். ரெண்டுல ஒண்ணு, நாலுல ஒண்ணு, எட்டுல ஒண்ணு, பதினாறுல ஒண்ணு. இதை பதினாறு பேஸ்ல எழுதினா எவ்வளவு அழகா வருது தெரியுமா, அரை 0.8, கால் 0.4, அரைக்கால் 0.2, வீசம் 0.1. நம்ம வழக்கமான பத்துல எழுதினா வீசம் 0.0625ன்னு நீண்டுக்கிட்டுப் போகும். பாதி பாதியா வெட்டற ஜனங்களுக்கு, தங்கத்தைத் தராசுல போட்டு நிறுக்கறவங்களுக்கு, பதினாறு எவ்வளவு இயற்கை! ஆனா பதினாறுல ஒரு கஷ்டம் இருக்கு, அஞ்சுல ஒரு பங்கு கேட்டா வராது. 0.333னு முடிவில்லாம ஓடும், நாம பத்துல மூணுல ஒரு பங்கை எழுதப் போனா ஓடற மாதிரி. அதுக்கு நம்ம ஆளுங்க என்ன செஞ்சாங்கன்னா பக்கத்துலயே இன்னொரு வரிசை வச்சாங்க, மா இருபதுல ஒண்ணு, காணி எண்பதுல ஒண்ணு, முந்திரி முந்நூத்தி இருபதுல ஒண்ணு. ஒரு மாவுக்கு 16 முந்திரி, ஒரு வீசத்துக்கு 20 முந்திரி, பாதியா வெட்டினாலும் அஞ்சா வெட்டினாலும் ரெண்டும் முந்திரியில வந்து சேருது. மாவும் காணியும் கூட்டினா சரியா பதினாறுல ஒண்ணு, அதனாலதான் வீசத்துக்கு மாகாணின்னும் பேரு. இதையெல்லாம் பிள்ளைங்க வாய்ப்பாடா மனப்பாடம் பண்ணின காலம் ஒண்ணு இருந்துச்சு. பூட்டனுக்குத் தெரியாதுன்னு எப்படி ஐயா எழுத மனசு வந்துச்சு?

கம்ப்யூட்டரும் இதே கஷ்டத்துலதான் மாட்டுது. அது ரெண்டு ரெண்டா கட்டுது, பத்துல ஒரு பங்கு அதுக்கு முடிவில்லாம ஓடும், எங்கயாவது வெட்டித்தான் ஆகணும், அதனாலதான் பல புரோகிராம்ல 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினா 0.3க்கு இம்மியளவு கூட வருது.

இலக்கத்தோட வடிவம் பத்தி ஒண்ணு சொல்லணும், இது இங்க இருக்கற பிள்ளைங்களுக்கு ரொம்ப முக்கியம். எங்க பிள்ளைங்க மூணு விதமான இலக்கம் பார்க்குது, கடை விலைப் பலகையில பர்மிய இலக்கம், போன்ல 1 2 3, கோவில் பத்திரிகையில சில சமயம் ௧ ௨ ௩. பர்மிய பூஜ்யமும் பர்மிய "வ" எழுத்தும் பார்க்க ஒரே வட்டம், தமிழ்ல ௧ன்னா "க" மாதிரி, ௨ன்னா "உ" மாதிரி, ௭ "எ" மாதிரி, ௮ "அ" மாதிரி. வடிவம் எதுவா இருந்தாலும் வேலை ஒண்ணுதான். ஆனா நம்ம பழைய தமிழ் எழுத்துமுறை வேலையிலேயே வேற. கோவில் பத்திரிகையில ௨௦௨௫ன்னு அடிச்சிருந்தாங்க, அது இன்னிக்கு வழக்கம், தப்புன்னு சொல்ல மாட்டேன். பழைய ஓலையிலயோ கணக்குப் புத்தகத்துலயோ அது ௨௲௨௰௫ன்னு இருக்கும். ௲ன்னா ஆயிரம், ௱ன்னா நூறு, ௰ன்னா பத்து. நடுவுல நூறு இல்லைன்னா எழுதவே வேண்டாம், பூஜ்யத்துக்கே வேலை இல்ல. கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் கொடுக்கற யூனிகோடுலயும் தமிழ் பூஜ்யம் மத்த தமிழ் இலக்கத்தோட முதல்ல வரல, 2005ல வந்த 4.1 பதிப்புலதான் சேர்த்தாங்க.

இந்த இடத்துலதான் அந்தப் பொண்ணு ஒரு விஷயம் சொல்லுச்சு, நான் யோசிச்சதே இல்ல. "சயாமா, நகைக்கடையிலயும் இப்படித்தானே எழுதறாங்க, 6 பே 3 யுவேன்னு கட்டோட பேரையும் சேர்த்து"ன்னு. ஆமா! கட்டுக்குப் பேர் இருக்கற வரைக்கும் குழப்பமே வராது, ௨௲௨௰௫ல பேர் இருக்கு, 6 பே 3 யுவேயில பேர் இருக்கு. பேரை எடுத்துட்டு வெறும் இலக்கத்தை வரிசையா வச்சோம்னா அப்பத்தான் ரெண்டு விஷயம் தேவைப்படுது, காலி இடத்தைக் காட்ட ஒரு பூஜ்யம், கட்டு எத்தனைன்னு எல்லாருக்கும் ஒரே சம்மதம். 3.6ன்னு போன்ல தட்டின அந்த நிமிஷம் பொண்ணு பேரை எடுத்துட்டுது, சம்மதம் மாறிப் போச்சு. நான் இத்தனை வருஷம் இதையே சொல்லிக் கொடுத்துட்டு இருந்தும் இவ்வளவு தெளிவா சொன்னதில்ல.

பதினாறு பேஸுக்கு பதினாறு இலக்கம் வேணும், 0லேர்ந்து 9 வரைக்கும் போக இன்னும் ஆறு. உலகம் பூரா இங்கிலீஷ் எழுத்து ஏ பி சி டி இ எஃப் போடறாங்க. எங்க வகுப்புல தமிழ் எழுத்தே போடலாம்னு பிள்ளைங்க சொல்லுச்சு, ஆனா க உ எ அ எல்லாம் ஏற்கெனவே தமிழ் இலக்கம் மாதிரி இருக்கே, குழம்பும்னு விட்டுட்டு ட ண த ந ப ம ன்னு ஆறு எழுத்து எடுத்துக்கிட்டோம். ட பத்து, ண பதினொண்ணு, த பன்னெண்டு, ந பதிமூணு, ப பதினாலு, ம பதினஞ்சு. அப்ப முக்கால் 0.த. கம்ப்யூட்டர்ல கலர் அளவு சொல்லும்போது வர்ற 255 எங்களுக்கு "மம". பிள்ளைங்களுக்கு ஒரே சிரிப்பு. யூனிகோடுல "அ"வோட நம்பர் 0ண85, பதினொரு இருநூத்தி அம்பத்தாறு, எட்டுப் பதினாறு, அஞ்சு, ஆக 2949. பர்மிய முதல் எழுத்து "க"வோட நம்பர் சரியா 1000, ஆனா ஆயிரம் இல்ல, 4096. பர்மியப் பள்ளிக்கூடத்துல படிக்கிற பிள்ளைங்க இதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டுது.

ஒன்பது பத்தியும் எழுதியே ஆகணும். வாட்ஸ்அப்ல வாரம் ஒரு தடவை வருது, ஒன்பதோட எந்தப் பெருக்கத்தையும் எடுத்து இலக்கத்தைக் கூட்டினா ஒன்பதே வரும், தெய்வீக எண்ணுன்னு. பர்மாவுல ஒன்பதுக்கு உள்ள மரியாதை சாதாரணமில்ல. 1987 செப்டம்பர்ல அப்ப நாட்டை ஆண்ட நே வின் காலத்துல 25, 35, 75 சாட் நோட்டெல்லாம் செல்லாதுன்னு ஒரே நாள்ல அறிவிச்சாங்க, மாத்திக்கக்கூட வழியில்ல, எங்க பாட்டி தகர டப்பாவுல வச்சிருந்தது மொத்தமும் வெறும் காகிதமாச்சு, அன்னிக்கு அவங்க முகம் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. அதே மாசம் வந்தது 45 சாட், 90 சாட் நோட்டு. ஒன்பது ராசின்னுதான் அப்படின்னு ஊரெல்லாம் பேச்சு. நாலும் அஞ்சும் ஒன்பது, ஒன்பதும் பூஜ்யமும் ஒன்பது. அந்த நோட்டை வச்சு சில்லறை கொடுக்கறது இருக்கே, பாட்டி கணு எண்ணி எண்ணி எப்படித்தான் சமாளிச்சாங்களோ.

இப்ப அந்த 45ஐ எட்டு பேஸ்ல எழுதுங்க, 55. தொண்ணூறு 132. கூட்டினா பத்து, ஆறு. எங்க போச்சு ஒன்பது? பதினாறு பேஸ்ல 2ந, 5ட, அங்கயும் இல்ல. ஒன்பதால வகுபடறது அந்த எண்ணோட குணம், எதுல எழுதினாலும் மாறாது. இலக்கத்தைக் கூட்டினா ஒன்பது வர்றது பத்துல எழுதினதோட குணம். ஒரு பத்துக் கட்டுலேர்ந்து ஒன்பதை உருவிட்டா ஒண்ணு மிஞ்சும், நூறுலேர்ந்து தொண்ணூத்தொன்பதை உருவினாலும் ஒண்ணு மிஞ்சும், அதனால கட்டுக்கு ஒண்ணா கூட்டினா ஒன்பதால வகுத்த மீதி தானா வந்துடுது. எட்டுல கட்டினா அந்த மகிமை ஏழுக்குப் போயிடும், ஏழாம் வாய்ப்பாட்டை எட்டு பேஸ்ல எழுதிப் பாருங்க, 7, 16, 25, 34, 43, 52, 61, 70. எல்லாம் கூட்டினா ஏழு! கரும்பலகையில இதை எழுதி முடிச்சப்ப வகுப்பே அமைதியாயிடுச்சு, எனக்கே மயிர்க்கூச்செறிஞ்சது.

பர்மிய ஜோசியத்துல மஹாபோட்னு ஒண்ணு, பர்மிய வருஷத்தை ஏழால வகுத்து மீதி என்னன்னு பார்ப்பாங்க. 2025 ஏப்ரல்ல ஆரம்பிச்ச வருஷம் 1387, ஏழு பேஸ்ல எழுதினா 4021, கடைசி இலக்கம் 1, அதுதான் மீதி. வகுக்கவே வேண்டாம். ஜோசியத்தை நம்பறது நம்பாதது அவங்கவங்க விருப்பம், ஆனா கடைசி இலக்கம்னா மீதின்னு பிள்ளைங்க புரிஞ்சுக்க இதைவிட நல்ல உதாரணம் இந்த ஊர்ல கிடைக்காது.

ஆசிரியர் அவர்களே, நான் கேக்கறது இதான். உங்க சிறுவர் பகுதியில பைனரியைப் போடும்போது "ரெண்டால வகு, மீதியைக் கீழேர்ந்து மேலே எழுது"ன்னு செய்முறையை மட்டும் போட்டா பிள்ளைங்க ஓடிப் போயிடும், எங்க வகுப்புலயும் அப்படித்தான் மூணு வருஷம் ஓடிப் போச்சுங்க. மொதல்ல கட்டுக்குப் பேர் வச்சு, பே யுவேன்னோ, அணான்னோ, படி மரக்கான்னோ, மணி நிமிஷம்னோ வீட்டுல இருக்கற கணக்கா போடுங்க. கூட்டச் சொல்லுங்க, மீதி ஏத்தச் சொல்லுங்க. அப்புறம் பேரை எடுங்க. வீசம் மாகாணி முந்திரிக்கும் வாரம் நாலு வரி இடம் கொடுங்க. நாள்காட்டி ஓரத்துல தமிழ் இலக்கம் போடறீங்களே, அதுல ௨௦௨௫, ௨௲௨௰௫ ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டா பிள்ளைங்க ஏன்னு கேக்கும், அந்தக் கேள்வியே போதும்.

அந்தப் பொண்ணு ஒரு புதிர் எழுதிக் கொடுத்திருக்கு, உங்க சிறுவர் பகுதிக்காக. அப்படியே அனுப்பறேன்:

"வேற ஒரு ஊர்ல ஒரு கடைக்காரர் கூடையில 25 எலுமிச்சம்பழம் இருக்குன்னு சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். நாம எண்ணிப் பார்த்தா 21 பழம்தான் இருக்கு. அவர் பொய் சொல்லல, தப்பாவும் எண்ணல. அந்த ஊர்ல ஆளுக்கு எத்தனை விரல்?"

பதிலை அடுத்த வாரம் போடச் சொல்லுது.

இப்படிக்கு,
ஞாயிறு வகுப்பு ஆசிரியை ஒருத்தி,
யாங்கோன்